கட்டிலோரத்து மணி

வண்டியில் மணி மறுபடியும் தானாக அடிக்கிறது என்ற சேதி நாலாவது முறையாக வந்தபோது, மாசானம் பஞ்சாலை வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். சேதி கொண்டுவந்தவன் டிரைவர் வன்னியபெருமாள். எந்தச் சேதியையும் பாதிச் சிரிப்போடு சொல்வது அவன் வழக்கம்.

"அண்ணே, உங்க பிள்ளை அழுவுது. தொட்டிலை ஆட்ட வாங்க."

"நேத்துதானலே சரி பண்ணிட்டுப் போனேன்."

"நீங்க போற வரைக்கும் நல்ல பிள்ளையாத்தான் இருந்துச்சு. கடக்கரை ரோட்டுக்கு வண்டியைத் திருப்புனேன், ஆரம்பிச்சிட்டு. ஒம்பது தடவை நிறுத்துனேன். ஒம்பது தடவையும் இறங்கி, பின்னால போயி, கதவைத் திறந்து, 'கூப்பிட்டியளாம்மா'ன்னு கேக்கேன். அவுக இல்லைன்னு தலையை ஆட்டுதாவ. பத்தாவது தடவை என்னையப் பாத்து அவுகளே சிரிச்சிட்டாவ."

மாசானத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பம்பைக் கடைக்காரனிடம் கொடுத்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பெருமாளோடு நடந்தான்.

யுத்தம் முடிந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பட்டாளத்துச் சாமான்களை மதுரையில் ஏலம் விட்டபோது, தோணி முதலாளி ராஜதுரை அண்ணாச்சி ஒரு ஆம்புலன்ஸ் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். அதைப் பச்சையிலிருந்து வெள்ளைக்கு மாற்றி, உள்ளே ஒரு கட்டில், சுவரோடு மடிகிற மேசை, துணி அலமாரி, தலைக்கு மேல் சின்ன விசிறி, மேசைக்கு ஒரு விளக்கு என்று ஒரு வீட்டையே அடைத்துவிட்டார். தெருவில் எல்லாரும் அதை வீட்டு வண்டி என்றார்கள். ஆசைக்காகச் செய்த காரியமல்ல அது. அவர் மனைவி சீனித்தாய்க்கு க்ஷயம். நெஞ்சில் தொடங்கி இரண்டு வருஷத்தில் தொண்டைக்கு ஏறி, குரலைத் தின்றுவிட்டிருந்தது. மதுரைக்கு அப்பால், மலையடிவாரத்தில் இருந்த ஒரு சானடோரியத்தில் படுக்கை கிடைத்திருந்தது. பங்குனி பிறப்பதற்குள் வந்து சேராவிட்டால் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடிதத்தில் எழுதியிருந்தது. அவளால் உட்கார முடியாது. படுத்தபடியே கொண்டுபோக வேண்டும்.

வைத்தியர் அண்ணாச்சியிடம் ஒன்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அடைத்த வண்டிக்குள், அவள் மூச்சு விடுகிற காற்றில், இன்னொருவர் பகல் முழுக்க உட்காரக் கூடாது. ஆகவே அவளைக் கவனிக்கும் இசக்கித்தாயும் முன்னால் டிரைவர் பக்கத்தில்தான் வர வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே ஆம்புலன்ஸில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்தது. அலமாரியை அந்த இடத்தில் நிறுத்தி, ஜன்னலையும் பலகை அடித்து மூடினார்கள். பெருமாளுக்குப் பிறந்து நாலு மாதமான குழந்தை ஒன்று இருந்தது. மூடியது அவனுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

ஜன்னலை மூடியதால்தான் மணி தேவைப்பட்டது. கட்டில் விளிம்பில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் டிரைவர் காதருகே மணி அடிக்க வேண்டும். மாசானம் அதற்குப் பட்டாளத்து சிக்னல் மணி ஒன்றைத் தேடிப்பிடித்தான். யுத்தத்தில் மூன்று வருஷம் பட்டாளத்து வொர்க்‌ஷாப்பில் மின்சார வேலை பார்த்தவன் அவன். அந்த மணிக்கு எறும்பு கடிக்கிற அளவு கரண்ட் போதும், பேட்டரியும் வீணாகாது, பொத்தானும் விரல் பட்டாலே இறங்கும் என்று அண்ணாச்சியிடம் பெருமையாகச் சொன்னான்.

பொத்தானைப் பொருத்திய அன்று சீனித்தாயை வண்டிக்குள் படுக்கவைத்துப் பார்த்தார்கள். அவள் கைவிரலால் அவனை அருகே வரச்சொன்னாள். அவன் குனிந்தான். குரல் இல்லை, வெறும் காற்றுதான் வந்தது.

"தம்பி, இதை அழுத்துனா ஆள் வருமா?"

"வரும்மா."

"என் மாமியா சொல்லும், இவ சத்தம் போட்டா உப்பளத்துல கொக்கு பறக்கும்னு. இப்பம் பக்கத்து அறையில இருக்கவளுக்கே கேக்க மாட்டேங்கு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "போற வழியில என்ன ஆனாலும் ஆகட்டும். தனியாக் கெடந்து ஆகக் கூடாது. ஒருத்தி வந்து கையைப் பிடிச்சுக்கிடணும். எனக்கு அவ்வளவுதான் வேணும். வெளங்குதா?"

"வெளங்குதும்மா. நீங்க விரலை வச்சாப் போதும்."

அன்று முதல் மாசானத்துக்கு அந்த மணி வெறும் வேலையாக இருக்கவில்லை.

மணியோ அவன் சொன்னதைக் கேட்கவில்லை. கொட்டகைக்குள் வண்டி நிற்கும்போது ஊமையாக இருக்கும். வைத்தியர் சொன்னபடி சாயங்காலம் கடற்காற்று வாங்க அவளைக் கடற்கரை ரோட்டில் கொண்டுபோனால், யாரும் தொடாமலே கிர்ர் என்று தொடங்கிவிடும். தச்சன் அடித்த ஆணி ஏதாவது வயரைக் கடித்திருக்கும் என்று முதலில் நினைத்தான். கட்டில் பலகைகளைக் கழற்றி ஆணி ஆணியாகப் பார்த்தான், ஒன்றும் கடிக்கவில்லை. பொத்தானின் வில் தளர்ந்திருக்கும் என்று புது வில் போட்டான். எலி கடித்திருக்கலாம் என்று வயரையே மாற்றினான். ஒரு சாயங்காலம் தானே வண்டியில் போனான். மணி அடிக்கத் தொடங்கியதும் பொத்தானைத் திறந்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, ஊதி மூடினான். நின்றுவிட்டது. அழுக்குதான் என்று எண்ணி, "சரியாயிட்டு" என்றான். மறுநாள் மறுபடியும் அடித்தது. மேசை விளக்கின் வயர் வேறு பத்து நாளில் பச்சைக் களிம்பு பிடித்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. புது வயர் போட்டான். அதுவும் ஒரு வாரத்தில் பச்சையானது. ஒரே வண்டியில் இரண்டு நோய் என்றுதான் அப்போது நினைத்தான்.

ஒவ்வொரு முறையும் "சரியாயிட்டு" என்று சொல்லிவிட்டுத்தான் அவன் வீட்டுக்குப் போனான். வண்டியைச் சுற்றியிருந்தவர்களுக்கு அந்த வார்த்தை வேடிக்கையாகிவிட்டது. சமையல்காரி குழம்பில் உப்பு கூடிப்போனால்கூட, "மாசானத்தைக் கூப்பிடுங்க, சரியாயிட்டுன்னு சொல்லுவாரு" என்பாள்.

வண்டி திங்கட்கிழமை விடியக் கிளம்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆலை விடுமுறை. மாசானம் காலையிலேயே வந்து கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டான். உச்சி வெயில் கொட்டகைத் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பயணத்துக்காக வண்டியைச் சுத்தம் பண்ண இசக்கித்தாய் ஒரு வாளித் தண்ணீரோடு வந்து, கட்டில் பலகையை ஈரத்துணியால் துடைத்தாள். துணி பொத்தான் பக்கம் வந்ததும் மணி அடித்தது.

"ஏளா! என்ன பண்ணுன?"

"நான் ஒண்ணையும் தொடலை அண்ணாச்சி! சத்தியமாத் தொடலை!"

"தொடலைன்னு எனக்குத் தெரியும். இன்னொருக்கா தொடை."

அவள் பயந்துகொண்டே துடைத்தாள். மணி மறுபடியும் அடித்தது. வெளியே வந்த மாசானம் பொத்தானின் மூடியைத் திருகி எடுத்தான். இரண்டு பித்தளைத் திருகாணிகளும் பலகையில் இறங்கிய இடத்தில் பச்சை பூத்திருந்தன. ஈரமான பலகையை விரலால் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்புக் கரித்தது.

கட்டிலும் மேசையும் அலமாரியும் செய்த பலகை கடையில் வாங்கியதல்ல. அண்ணாச்சி முதன்முதலாக வாங்கிய தோணியின் பலகை. இருபத்திரண்டு வருஷம் கொழும்புக்குப் போய் வந்த தோணி, ஒரு புயலில் கரையில் மோதி உடைந்தது. தோணி உடைந்தால் அதன் தேக்கைக் கதவுக்கும் கட்டிலுக்கும் போட்டிபோட்டு வாங்குவது இந்தக் கரையில் உள்ள பழக்கம். மாசானம் ஆற்றங்கரை ஊர்க்காரன். நெல் விளைகிற பூமியில் பிறந்தவன். மரத்துக்குள் கடல் இருக்கும் என்பது அவன் எண்ணத்தில் வந்ததே இல்லை.

கட்டில் செய்தவர் தொம்மை. தோணி கட்டுகிற ஓடாவி. ஆள் அனுப்பியதும் வேலையை விட்டு வந்தார்.

"கடல் குடிச்ச மரம் வே இது. கரையான் வாயை வைக்காது," என்றார்.

"கரண்டு வாயை வைக்குதே."

"கரண்டுக்கு நான் என்ன செய்ய? தோணியில மணியா கட்டுதோம்?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. கடற்காற்று பட்டதும் பலகைக்குள் இருக்கும் உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. அப்போது இரண்டு திருகாணிக்கும் நடுவில் மரமே வயராகிவிடுகிறது. விளக்கு வயரைப் பச்சையாக்கியதும் இதே உப்புதான். அந்தக் கொஞ்ச கரண்ட் ஒரு சாதாரண மணியை அசைத்திருக்காது. மாசானம் பெருமையாகத் தேடிப்பிடித்த மணிக்கு அதுவே அதிகம்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னான். படுக்கை கைவிட்டுப் போகாமல் பிடித்து வைக்க அவர் அன்று சாயங்கால ரயிலில் முன்கூட்டியே புறப்பட இருந்தார். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"கட்டிலை எடுக்கணும்னு சொல்லுதியாடே?"

"இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஒரு இரும்புக் கட்டில் போட்டுடலாம் அண்ணாச்சி."

"அந்தத் தோணிதான் என்னை மனுசனாக்குச்சு. அவ என் வீட்டுக்கு வந்த வருசம் வாங்குனது. அதுல படுத்துப் போனாத்தான் அவ திரும்பி வருவா." பெட்டியின் மூடியை அழுத்தினார், அது மூடிக்கொள்ளவில்லை. "கட்டிலைத் தொடாதே. மணியை மட்டும் பாரு."

சாயங்காலம் கொட்டகை வாசலில் பெருமாள் பீடியோடு நின்றான். மாசானம் அவனை உள்ளே கூப்பிட்டு, பலகையில் ஈரத்துணியை வைத்துக் காட்டினான். மணி அடித்தது. துணியை எடுத்து, விசிறியைப் போட்டு, மரத்தைக் காயவிட்டான். நின்றது.

"அட! மரமா அண்ணே அடிச்சுது இவ்வளவு நாளும்?" பெருமாளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "நான் அந்த அம்மாதான் சும்மா அழுத்திட்டு, என் மூஞ்சியைப் பாத்ததும் இல்லைங்காவளோன்னுகூட நினைச்சேன். பாவம். அப்பம் நாளைக்கு வழியில அடிச்சா என்ன செய்ய?"

மாசானத்துக்கு அன்று முதுகு முறிந்துபோயிருந்தது. "காலைப் பனியில மரம் ஈரமாத்தான் இருக்கும். அடிக்கும். வெயில் ஏறுனா மரம் காஞ்சு தன்னால நின்னுடும். நீ ஒவ்வொண்ணுக்கும் நிறுத்திக்கிட்டிருந்தா பொழுது அடையுமுன்ன போய்ச் சேர மாட்டே. விளாத்திகுளத்துல காப்பிக்கு நிறுத்துவியே, அப்பம் இறங்கிப் பாத்துக்கோ."

"சரிண்ணே."

சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினான். ஏறிய பிறகுதான் சொன்னது உறுத்தியது. மணி இருந்தும் இல்லாத மாதிரி ஆக்கிவிட்டு வந்திருக்கிறோம். அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

வீட்டில் அவன் மனைவி சங்கரம்மாள் சோறு போட்டாள். ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்றான். அவள் உப்புப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள். பானைக்கு வெளியே வெள்ளையாகப் பூத்திருந்தது.

"இந்த ஊருக் காத்துல மண்பானையில உப்பு வச்சா வெளிய பூத்துடுது. ஒரு பீங்கான் ஜாடி வாங்கித் தாங்கன்னு எத்தனை நாளாச் சொல்லுதேன். பீங்கான்ல வச்சாக் கசியாது."

மாசானம் அவளைப் பார்த்தான். பிறகு பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கை கழுவி, மூலையில் கிடந்த சாக்கைக் கொட்டினான். வீடுகளுக்கு வயர் இழுக்கும்போது மிஞ்சிய பீங்கான் கட்டைகள் அதில் கிடந்தன.

விடியுமுன் அவன் வண்டியில் இருந்தான். பொத்தானைப் பலகையிலிருந்து கழற்றி, உள்ளங்கை அகலப் பீங்கான் கட்டையில் ஏற்றினான். வயர் எங்கேயும் மரத்தைத் தொடக் கூடாது என்று, கூரைத் தகரத்தில் பீங்கான் வைத்து அங்கிருந்து அந்தரத்தில் தொங்கவிட்டான். பிறகு ஒரு செம்புத் தண்ணீரைக் கட்டில் விளிம்பில் ஊற்றினான். பலகை கறுத்து, நீர் சொட்டியது. மணி அடிக்கவில்லை. விரலை வைத்தான். அடித்தது. எடுத்தான். நின்றது. ஒன்றரை மாதத்தில் முதல் தடவையாக அந்த மணி சொன்னபடி கேட்டது.

சீனித்தாயை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து படுக்கவைத்தார்கள். அவளுக்குப் புதுச்சேலை கட்டியிருந்தார்கள். உடம்புக்கு அது பெரிதாக இருந்தது. மாசானம் அவள் கையை எடுத்துப் பொத்தானில் வைத்தான். மூன்று தடவை அழுத்தினாள். மூன்று தடவை அடித்தது.

"இனிமே பொய் சொல்லாதா?"

"சொல்லாதும்மா. இனிமே நீங்க கூப்பிட்டாத்தான் அடிக்கும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் இன்னொரு தடவை அழுத்தினாள், சும்மா. கண்ணில் பழைய குறும்பு கொஞ்சம் வந்து போனது.

மாசானம் வெளியே வந்து பெருமாளைத் தேடினான். அவன் ரேஷன் கூப்பனை எடுத்துக்கொண்டு பெட்ரோல் டின் வாங்கப் போயிருந்தான். வரும் வழியில் சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழமும் வாங்கிக்கொண்டு, கோவிலுக்கும் போய் வருவான் என்றார்கள். மாசானம் தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ஆலைச் சங்கு முதல் தடவை ஊதியது. இரண்டாவது சங்குக்குள் வாசலைத் தாண்டாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். இந்த வண்டியால் அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு நாள் அவன் ஆலை வாசலிலிருந்து திரும்பி வந்திருந்தான். மூன்றாவது நாள் என்றால் வேலை போய்விடும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார்.

"ஏளா இசக்கி, பெருமாள் வந்ததும் மறக்காமச் சொல்லு. மணி சரியாயிட்டு. இனிமே அடிச்சா அம்மாதான்."

"சொல்லுதேன் அண்ணாச்சி."

அவன் சைக்கிளை மிதித்தான். இரண்டாவது சங்கு ஊதும்போது வாசலுக்குள் இருந்தான்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கே வண்டி திரும்பி வந்துவிட்டது. சானடோரியத்தில் விரித்த படுக்கையின் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்த அண்ணாச்சிக்குத் தந்தி போயிற்று. அவர் வந்து சேர மறுநாள் காலை ஆனது. மாசானம் அடக்கத்துக்குப் போய், கூட்டத்தின் ஓரத்தில் நின்றான். பெருமாள் தூரத்தில் தெரிந்தான், பக்கத்தில் வரவில்லை. இசக்கித்தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். போகிற உயிர்தானே, வழியில் போய்விட்டது என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். மாசானமும் அப்படித்தான் நினைக்க முயன்றான். தூக்கத்தில் போயிருக்கும், மணியைத் தேடியிருக்கவே மாட்டாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஒன்பதாம் நாள் அண்ணாச்சி ஆள் விட்டார். வண்டியை விற்கப் போகிறார். வயரையெல்லாம் கழற்றிவிட வேண்டும். அந்த வண்டி இனி அவர் கண்ணில் படக் கூடாது.

ஆலை விட்டதும் மாசானம் போனான். வண்டியைக் கொட்டகையை விட்டு வெளியே எடுத்து, கடலைப் பார்த்த மாதிரி நிறுத்தியிருந்தார்கள். பெருமாள் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். முகத்தில் அந்தப் பாதிச் சிரிப்பு இல்லை. மாசானத்தைக் கண்டதும் துணியைப் பிழிந்து போட்டுவிட்டு எழுந்தான்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இத்தனை நாளா நினைக்கேன்."

"கேளு."

"அன்னைக்கு மணி அடிச்சுதுண்ணே."

மாசானம் பைக்குள்ளிருந்து திருப்புளியை எடுக்கப் போனவன், கையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டான்.

"குறுக்குச்சாலை தாண்டுனதும் ஆரம்பிச்சுது. விட்டு விட்டு அடிச்சுது. இசக்கித்தாய் சொன்னா, 'நிறுத்துடே, அம்மா கூப்பிடுதா, மணி சரியாயிட்டுன்னு மாசானம் அண்ணாச்சி சொன்னாரு'ன்னு. நான் சிரிச்சேன். 'அவரு சரியாயிட்டுன்னு எத்தனை மட்டம் சொல்லியாச்சு, ஏளா? பனியில மரம் அடிக்கி. எனக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு'ன்னு சொன்னேன். நீங்கதானண்ணே துணியை நனைச்சே காட்டுனீங்க?"

"ஆமா."

"பொறவு விடாம அடிச்சுது. ஒரு ரெண்டு மைல் இருக்கும். வெயிலும் அதுக்குள்ள ஏறிட்டு. கரிசக்காடு, நல்ல வெயில். அப்புறம் நின்னுட்டு. இசக்கிகிட்டச் சொன்னேன், 'பாத்தியா, மரம் காஞ்சிட்டு'ன்னு."

அவன் தண்ணீர் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"விளாத்திகுளத்துல காப்பிக்கு நிறுத்தி, கதவைத் திறந்தோம். தலையணையெல்லாம் ரத்தம். கை அந்தப் பீங்கான் பக்கத்துல கெடந்துச்சு. சூடு இருந்துச்சுண்ணே கையில. அதான் எனக்கு... ராத்திரி பிள்ளையைத் தூக்குனா அந்தச் சூடு தெரியுது." நிமிர்ந்தான். "மரந்தானே அண்ணே அடிச்சுது?"

மாசானம் கடலைப் பார்த்தான். இரண்டு தோணிகள் பாயை இறக்கிக்கொண்டிருந்தன.

"மரந்தான்," என்றான்.

"நிசமாவா?"

"மரந்தான்லே. பீங்கான் வச்சும் நிக்கலை. சாயங்காலம் வரைக்கும் வச்சுப் பாக்காம, அவசரத்துல சரியாயிட்டுன்னு சொல்லிட்டேன். என் தப்பு."

பெருமாள் மூச்சை விட்டான். ஆனால் முகம் தெளியவில்லை. காற்று திரும்பியிருந்தது. கடலிலிருந்து ஈரம் வந்து முகத்தில் பட்டது.

"அப்பம் இந்தக் காத்துக்கு இப்பமும் அடிக்கணுமே. ஒரு மட்டம் காதால கேட்டுக்கிடுதேன். கழட்டுமுன்ன." கெஞ்சுவது போலச் சொன்னான். "நீங்க உள்ள இருங்க. நான் முன்னால உக்காருதேன்."

மாசானம் பின்கதவைத் திறந்துகொண்டு ஏறினான். மெத்தையை எடுத்துவிட்டிருந்தார்கள். வெறும் பலகை. பினாயில் வாடைக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. கட்டிலில் உட்கார்ந்தான். முன்பக்கக் கதவைப் பெருமாள் சாத்துகிற சத்தம் கேட்டது. நடுவே அலமாரி நின்றது. அதற்கு அப்பால் அவன் இருப்பது தெரியவில்லை.

பக்கவாட்டு ஜன்னலின் கட்டைகள் வழியே கடற்காற்று உள்ளே வந்தது. கொஞ்ச நேரத்தில் பலகை கைக்குப் பிசுபிசுத்தது. மாசானம் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான். அடி, என்று மனசுக்குள் சொன்னான். இத்தனை வருஷத்தில் தான் செய்த வேலை கெட்டுப்போக வேண்டும் என்று அவன் வேண்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை. ஒரு தடவை தானாக அடித்துவிட்டால் போதும். பீங்கானும் பொய், சத்தியமும் பொய், அவள் தூக்கத்தில்தான் போனாள் என்று ஆகிவிடும்.

மணி அடிக்கவில்லை.

மூலையில் பெருமாள் துடைக்க வைத்திருந்த செம்பு இருந்தது. அதை எடுத்து, சத்தம் வராமல் பலகையில் ஊற்றினான். நீர் விளிம்பு வழியாக வழிந்து, பீங்கானைச் சுற்றி ஓடி, தரையில் சொட்டியது. பலகை கறுத்தது. பொத்தான் மட்டும் வெள்ளைக் கட்டையின் மேல் காய்ந்து நின்றது. நல்ல வேலை. பட்டாளத்தில்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை.

"அண்ணே..." பலகைக்கு அப்பாலிருந்து பெருமாளின் குரல் வந்தது. கத்துகிறான் போலிருந்தது, இங்கே முனகலாகத்தான் கேட்டது. "அடிக்கலையே அண்ணே?"

மாசானம் கையை நீட்டி, பொத்தானில் விரலை வைத்தான்.

மணி அடித்தது.

"அடிக்குது அண்ணே! அடிக்குது!" பெருமாள் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. "மரந்தான்! நீங்க சொன்ன மாதிரியே மரந்தான்!"

விரலுக்கு அடியில் பொத்தான் லேசாக இறங்கியிருந்தது. அழுத்தவே வேண்டாம், சும்மா வைத்தாலே போதும். இரண்டு மைல் தூரத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அவன் மனசு கணக்குப் பார்த்தது. எடுக்க வேண்டும் என்று நினைத்தான். விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். முன்னால் மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பின்கதவைத் திறந்துகொண்டு ஒருவரும் வரவில்லை.